கழுகு தவறவிட்ட குமிழிகள்

திரும்பி வந்த பாட்டில்கள் மேனேஜர் அறையின் மேஜை, நாற்காலி, ஜன்னல் விளிம்பு என்று எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டிருந்தன. உட்கார இடமில்லாமல் மேனேஜரே நின்றுகொண்டிருந்தார்.

“உக்காருங்க மேடம்,” என்றார், எங்கே என்று சொல்லாமல்.

வக்கீலம்மா உட்காரவில்லை. கோர்ட்டை விட்டு விலகித் துப்பறியும் அலுவலகம் திறந்து காலம் ஆகிவிட்டது. ஆனாலும் நின்றுகொண்டு கேட்டால்தான் அவருக்குக் கேள்வி வரும். அவருடைய உதவியாளன் ஆணி ஒரு பிளாஸ்டிக் க்ரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். உடம்பு கம்பி, தலை மட்டும் பெரிசு. அந்தப் பெயரை வைத்தவர்கள் ரொம்ப யோசித்திருக்க மாட்டார்கள்.

“இது இருமல் மருந்து பாட்டில்,” என்று மேனேஜர் ஒன்றை எடுத்துக் காட்டினார். “குழந்தைங்க குடிக்கிறது. போன வாரம் ஒரு நர்ஸ் ஸ்பூன்ல ஊத்தும்போது உள்ள கண்ணாடித் துகள் மின்னியிருக்கு. அவங்க பாத்ததால அந்தப் பிள்ளை தப்பிச்சுது. மருந்துக் கம்பெனிக்காரங்க, இன்னும் நிரப்பாத பாட்டில்கள்ல குறை இருந்தது அத்தனையையும் திருப்பி அனுப்பிட்டாங்க.”

“சோதிச்சு அனுப்பறது யாரு?”

“கழுகு.”

“பறந்து பறந்தா சோதிக்கும்?” என்றான் ஆணி.

மேனேஜர் சிரிக்கவில்லை. “அது பட்டப் பேரு. என் தலையில முடி இருந்த காலத்துலருந்து அந்த அம்மாதான் அந்த நாற்காலியில உக்காந்திருக்காங்க. ஒரு கெட்ட பாட்டில் அவங்க கண்ணுக்குத் தப்பினதில்ல. இப்ப தப்புது. போன மாசம்தான் எல்லாருக்கும் கண் பரிசோதனை நடத்தினோம். அட்டையில கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சாங்க. கண்ணு நல்லா இருக்கு, கெட்ட சரக்கு தாண்டிப் போகுதுன்னா என்ன அர்த்தம்? வேணும்னே விடறாங்க. எதிர் கம்பெனிக்காரன் நல்லா கவனிச்சிருக்கான்.”

“ஆதாரம்?”

“சோதனைப் பெட்டியில ரெண்டு ட்யூப் லைட் இருக்கு. ஒண்ணு அடிக்கடி கழண்டு கிடக்கு. தானா கழண்டுக்கிற ட்யூப் லைட்ட நான் பாத்ததில்ல.” அவர் குரலைத் தாழ்த்தினார். “சாயங்காலம் ஷிப்ட் முடியறதுக்குள்ள எனக்கு ஒரு பேர் வேணும் மேடம். நோட்டீஸ் ஒட்டிடுவேன். குற்றத்துக்காக நீக்கினா வேலை, வைத்தியக் காப்பீடு, எல்லாம் அன்னியோட சரி.”

வக்கீலம்மா ஒரு பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “ஆணி, இந்தப் பாட்டில்கள இனம் பிரி. எதுல என்ன குறைன்னு பாத்து வை.”

“எல்லாத்துக்கும் ஒரே குறைதான் மேடம். உள்ள மருந்து இல்ல.”

ஆனால் செய்தான். கண்ணாடி பாட்டிலுக்கு வரும் நோய்கள் மூன்று. உருக்கிய கண்ணாடியில் காற்று மாட்டிக்கொண்டால் குமிழி. உருகாத மணல் துணுக்கு ஒட்டிக்கொண்டால் அதைக் கல் என்பார்கள். சூடாக இருக்கும்போதே குளிர்காற்று பட்டால் முடியளவு விரிசல். உள்சுவரில் இருக்கும் குமிழிதான் ஆபத்தானது. அதன் மேல்தோல் உடைந்தால் துகள் நேராக மருந்துக்குள் விழும்.

கொஞ்ச நேரத்தில் மேஜை மேல் இரண்டு குவியல் சேர்ந்தது. மூன்றாவதற்கு ஒதுக்கிய இடம் ஏறக்குறைய காலியாகக் கிடந்தது.

“குமிழி ஒரு மலை, கல் ஒரு மலை,” என்றான் ஆணி. “விரிசல் விழுந்ததுன்னு பாத்தா இந்த ஒரு க்ரேட்டுல மட்டும்தான் மேடம் இருக்கு. மத்ததுல ஒண்ணுகூட இல்ல.”

வக்கீலம்மாவின் புருவம் லேசாக ஏறியது. அந்த க்ரேட்டின் மேலிருந்த தேதிச் சீட்டை மேனேஜர் பக்கம் திருப்பினார். “அன்னிக்கு இங்க என்ன விசேஷம்?”

“ஒண்ணுமில்லையே.” மேனேஜர் யோசித்தார். “அன்னிக்குத்தான் பக்கத்து ஷெட்டுல மெஷின் வெச்சுத் தரைய உடைச்சாங்க. காது கிழிஞ்சுது. கையால ஜாடை காட்டித்தான் வேலை வாங்கினோம்.”

“சரி,” என்றார் வக்கீலம்மா. “கழுகக் காட்டுங்க.”

*

சோதனைப் பிரிவு நீளமான ஒரு கூடம். உலையிலிருந்து வந்து ஆறிய பாட்டில்கள் ரப்பர் பட்டையில் வரிசையாக நகர்ந்து வந்தன. பட்டைக்குப் பின்னால் பால்வெள்ளைக் கண்ணாடி போட்ட ஒரு விளக்குப் பெட்டி. அந்த வெளிச்சத்துக்கு முன்னால் பாட்டிலைப் பிடித்து உருட்டினால் கல் கறுப்பாகத் தெரியும், குமிழி விளிம்பு கட்டித் தெரியும், விரிசல் ஒரு சாய்வில் மட்டும் வெள்ளிக் கம்பி போல மின்னி மறையும். கூடத்தில் எல்லோரும் கழுகக்கா என்று கூப்பிட்ட அந்த அம்மா, நெட்டையான நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. ஒரு கைக்கு இரண்டு பாட்டில் வீதம் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, ஒன்றோடொன்று மெல்ல இடித்து, உருட்டி, வைத்தார். பெட்டியில் ஒரு ட்யூப்தான் எரிந்தது.

தூணுக்குப் பின்னால் நின்று பார்த்த ஆணி வக்கீலம்மாவின் பக்கம் சாய்ந்தான்.

“மேடம், கேட்டீங்களா? டிங், டிங், டொக். அது சங்கேதம். பேக்கிங்ல கூட்டாளி இருக்கான். டொக்னா ‘இத விட்டுடு’ன்னு அர்த்தம்.”

“டொக்னு கேட்டத அந்த அம்மா எங்க போட்டாங்க?”

ஆணி பார்த்தான். “கழிவுத் தொட்டியில.”

“அப்ப உன் கூட்டாளிக்கு அது போய்ச் சேராதே.”

“விரல்ல இருக்கிற மோதிரத்தப் பாருங்க. நூல் சுத்திருக்கு. அவங்க அளவுக்குச் செஞ்சதில்ல. யாரோ குடுத்தது. லஞ்சம்.”

“அதையும் மனசுல வை,” என்றார் வக்கீலம்மா. இந்தத் தடவை கேலி செய்யாதது ஆணிக்கு விநோதமாக இருந்தது. “இங்க பாட்டுப் பெட்டி ஏதாவது இருக்கா?”

பட்டையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் சிரித்தாள். “ரேடியோ இருக்குங்க. முன்னெல்லாம் கழுகக்காதான் சத்தமா வைக்கச் சொல்லும். இப்ப வெச்சா எரிஞ்சு விழுது. ரெண்டு மாசமா ரேடியோ வாயத் திறக்கல.”

“இப்ப வைங்க. முழுச் சத்தத்துல.”

ரேடியோ அலறியது. கழுகக்காவின் கைகள் பாட்டில்களை இடித்தன. மறுபடி இடித்தன. காதருகே கொண்டுபோனார். பட்டை நகர்ந்துகொண்டே இருந்தது. பாட்டில்கள் அவரைத் தாண்டிப் போயின. கைகள் அந்தரத்தில் நின்றுவிட்டன.

“போதும். நிறுத்துங்க,” என்றார் வக்கீலம்மா. பிறகு ஆணியின் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், “இப்ப சொல்லு. நல்ல பாட்டிலத் தட்டினா ஏன் டிங்னு கேக்குது?”

“மரியாதைக்கு.”

“அதிர்வு கண்ணாடியச் சுத்தி ஓடி, கிளம்பின இடத்துக்கே திரும்பி வருது. தடையில்லாத ஓட்டம். அதனால நாதம் நீளுது. முடியளவு விரிசல் இருந்தாலும் அங்க ஓட்டம் அறுந்துடும். விரிசலோட ரெண்டு உதடும் உரசிச் சத்தத்தத் தின்னுடும். அதான் டொக். குமிழி இருக்கே, அது ரோட்டுல சின்னப் பள்ளம் மாதிரி. வண்டி குலுங்காமயே தாண்டிடும். டிங்னுதான் கேக்கும்.”

ஆணி வாயைத் திறந்தான். அவனுக்கு வழக்கமாக அங்கே ஒரு ஜோக் இருக்கும். இல்லை.

“அதனால விரிசல் மட்டும் மாட்டுது,” என்றான் மெதுவாக. “குமிழியும் கல்லும் தப்பிச்சுடுது. தரைய உடைச்ச அன்னிக்கு விரிசலும் தப்பிச்சுது. மேடம், இந்த அம்மா பாட்டில பாக்கவே இல்ல. கேக்கறாங்க.”

*

கிடங்குக்குப் போகும் படிக்கட்டில் வெளிச்சம் கம்மி. இடைவேளை மணி அடித்ததும் கழுகக்கா அந்த வழியாக இறங்கினார். ஒரு கை சுவரில். ஒவ்வொரு படியின் விளிம்பையும் செருப்பு முனையால் தடவி, இருக்கிறது என்று உறுதியானதும் எடையை வைத்தார். கீழ்ப்படியில் நின்றிருந்த வக்கீலம்மாவையும் ஆணியையும், கிட்டத்தட்ட இடிக்கும்வரை கவனிக்கவில்லை.

“எப்பலருந்து அக்கா?” என்றார் வக்கீலம்மா.

கழுகக்கா திடுக்கிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். “யாரு?”

“மேனேஜர் வரச் சொன்ன ஆளுங்க. கண்ணு எப்பலருந்து இப்படி?”

“கண்ணா? என் கண்ணுக்கு என்ன? சர்ட்டிபிகேட் இருக்கு.” பிறகு சட்டென்று குரல் மாறியது. “எதிர் கம்பெனிகிட்ட வாங்கிட்டுத்தான் விட்டேன். போய் எழுதிக்குங்க. உங்களுக்கும் வேலை முடிஞ்சுது.”

“எவ்வளவு குடுத்தாங்க?” என்று ஆணி கேட்டான்.

“அது... நிறைய.”

“யாரு குடுத்தாங்க?”

“ஒரு ஆளு.”

“அக்கா,” என்றான் ஆணி, “திருட்டுல நீங்க ரொம்பப் புதுசு.”

கழுகக்கா படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியது. வறட்டு இருமல் ஒன்று வந்து போயிற்று.

“வெயில்ல தார் ரோடு நெளியுமே, அப்படி நெளியுது,” என்றார் கடைசியில். “ஓரத்துல யாரோ டார்ச்ச ஆட்டற மாதிரி மினுமினுக்குது. கண்ண மூடினாலும் நிக்கல. ரெண்டு லைட்டும் எரிஞ்சா ஊசியா குத்துது. ஒண்ணக் கழட்டினா இருட்டாயிடுது. கண்ணாடிக் கடையில காட்டினேன், பவர் சரியா இருக்குன்னான். இன்னொரு கடையிலயும் அதையே சொன்னான். வயசாச்சு, டென்ஷன்னாங்க.”

“இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“கண்ண வெச்சுத்தானே அம்மா அந்த நாற்காலி? கண்ணு போச்சுன்னா அன்னிக்கே போன்னுடுவாங்க. எங்க வீட்டுக்காரர் இடுப்பு ஒடிஞ்சு படுத்திருக்காரு. பொண்ணுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு பாக்கி. லோடிங்ல ஒருத்தர் மேல முன்னாடி திருட்டுப் பழி வந்துச்சு. விசாரணை விசாரணைன்னு ஒரு வருஷம் இழுத்தாங்க. அதுவரைக்கும் பாதிச் சம்பளம் குடுத்தாங்க. எனக்கு அந்த ஒரு வருஷம் போதும். திருடின்னே சொல்லிட்டுப் போகட்டும்.”

ஆணி வக்கீலம்மாவைப் பார்த்தான். வெளிச்சம் குத்துகிறது, வெளிச்சம் போதவில்லை. ஒரே வாய் இரண்டையும் சொல்கிறது. கோர்ட்டில் இதைக் கேட்டால் சாட்சியைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்கள்.

“பொய் சொல்றவங்க ஏதாவது ஒண்ணத்தான் சொல்வாங்க,” என்றார் வக்கீலம்மா, அவன் கேட்காமலே. “கண்ணுல புரை விழுந்தா வருஷக்கணக்குல மெல்ல மங்கும். இது ரெண்டு மாசத்துல, ரெண்டு கண்ணுலயும் வந்திருக்கு. கிளம்புங்க அக்கா. கண் டாக்டரப் பாப்போம். அதுக்கப்புறம் நான் என்ன எழுதணும்னு நீங்களே சொல்லுங்க.”

“முகம் கழுவிட்டு வர்றேன்,” என்று மேலே ஏறிப் போனவருக்குத் திரும்பி வரக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்தது. அப்போது அதை இருவருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

*

பெரிய ஆஸ்பத்திரியின் கண் பிரிவு மூன்றாம் மாடியில் இருந்தது. டாக்டர் ஒல்லியான மனிதர். பேசும்போது பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார். சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைக் காட்டினார்.

கழுகக்கா படித்தார். மேல் வரி, நடு வரி, கடைசி வரி. கடைசி வரியில் எறும்பு மாதிரி இருந்த எழுத்தைக்கூட விடவில்லை.

ஆணி அட்டையையும் கழுகக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். மேனேஜர் சொன்னதுதானா? நம்மை நன்றாக ஏமாற்றிவிட்டாரா இந்த அம்மா? வக்கீலம்மாவின் காதில், “மேடம், என்னால கடைசி வரிய நிக்கற இடத்துலருந்து படிக்க முடியல. எனக்குக் கழுகுன்னு பேரு வைக்காதது நல்லதாப் போச்சு,” என்றான். அந்த ஜோக்கில் அவனுக்கே உயிர் இல்லை.

“அட்டையில பாஸாகிறது பெரிய விஷயம் இல்ல,” என்றார் டாக்டர். “அது நடுப் பார்வைய மட்டும்தான் கேக்கும். நீட்டின கையில கட்டை விரல் நகம் எவ்வளவு இடத்த மறைக்குமோ அவ்வளவுதான் நடுப் பார்வை. மத்த உலகத்தப் பாக்கறது அதச் சுத்தி இருக்கற பகுதி.”

வெள்ளைக் குண்டான் போன்ற ஒரு கருவிக்குள் கழுகக்காவின் முகத்தை வைத்தார்கள். நடுவில் ஒரு புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே சின்ன விளக்கு மின்னும். தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். பக்கத்தில் நின்ற ஆணிக்கு விளக்குகள் மின்னுவது தெரிந்தது. பொத்தான் சத்தம் எப்போதாவது ஒரு தடவைதான் கேட்டது. அவன் அறியாமலே அவன் கட்டைவிரல் அவருக்காக அமுங்கிக்கொண்டிருந்தது.

கருவியிலிருந்து வந்த தாளில், நடுவில் ஒரு சின்ன வெள்ளை வட்டம். அதைச் சுற்றிக் கறுப்பு வளையம்.

“இந்த வெள்ளை ஓட்டை வழியாத்தான் அட்டைய படிச்சிருக்காங்க,” என்றார் டாக்டர். “உருள்ற பாட்டில்ல குமிழி எந்தப் பக்கம் இருக்குன்னு தேடணும்னா இந்த வளையம் வேலை செய்யணும். அது செத்துக்கிட்டிருக்கு.”

கண்ணுக்கு முன்னால் லென்ஸைப் பிடித்து உள்ளே பார்த்தார். அது முடிந்ததும் பேனா மூடியைக் கழற்றியவர் மாட்ட மறந்தார்.

“என்ன டாக்டர்?” என்றார் வக்கீலம்மா.

“உள்ள ரொம்பச் சுத்தமா இருக்கு. ரத்தக்கசிவு இல்ல, வீக்கம் இல்ல, புரை இல்ல. அதான் எனக்குப் பிடிக்கல. கண்ணுல வெளிச்சம் பட்டா விழித்திரையில சின்னதா ஒரு மின்சாரம் கிளம்பணும். அத அளந்து பாக்கலாம்.”

அளந்தார்கள். அலை அலையாக எழ வேண்டிய கோடு, கிட்டத்தட்ட தரையோடு படுத்துக் கிடந்தது.

அதன் பிறகு டாக்டர் கேட்ட கேள்விகள் எதுவும் கண்ணைப் பற்றியவை இல்லை. பசி எப்படி? இருமல் எத்தனை நாளா? எடை குறைஞ்சுதா?

“எடை பாத்ததில்ல டாக்டர்,” என்றார் கழுகக்கா. “மோதிரம் கழண்டு கழண்டு விழுது. நூல் சுத்திப் போட்டிருக்கேன்.”

ஆணி தரையைப் பார்த்தான். லஞ்சம் என்று சொன்னது அவன்தான்.

“கீழ் மாடியில நெஞ்சு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க,” என்றார் டாக்டர்.

“கண்ணு தெரியலன்னு வந்தா நெஞ்சப் படம் பிடிக்கச் சொல்றீங்க?”

“உங்க கண்ணு மேல ஒரு குத்தமும் இல்லம்மா. அது அடி வாங்கியிருக்கு. யாருக்குப் போக வேண்டிய அடின்னு பாக்கணும்.”

*

ஸ்கேன் முடிந்து படம் வர மதியம் தாண்டிவிட்டது. டாக்டர் கதவைச் சாத்தினார். அவர் அவசரப்படாமல் சொன்னார். அந்த நிதானமே ஆணியைப் பயமுறுத்தியது.

“உங்க விழித்திரையில ஒரு வகைப் புரதம் இருக்கு. சாதாரணமா அது கண்ணுலதான் இருக்கும். சில சமயம், உடம்புல வேற எங்கயோ ஒளிஞ்சு வளர்ற ஒரு கட்டி, தப்பா அதே புரதத்தத் தயாரிக்கும். உடம்போட காவல்காரங்க, அதான் நோய் எதிர்ப்பு அணுக்கள், கட்டியப் பாத்துடுவாங்க. இந்த முகத்தப் பாத்தா அடின்னு எல்லாருக்கும் அடையாளம் சொல்லிடுவாங்க. அவங்க ரத்தத்துல சுத்தி வரும்போது கண்ணுல அதே முகம் இருக்கு. அப்பாவி. ஆனா முகம் ஒண்ணு. அங்க விழுது அடி.”

“ஆள் மாறாட்டம்,” என்றார் வக்கீலம்மா.

“ஆமா. கண்ணுல மினுமினுப்பு தெரியறவங்க எல்லாருக்கும் இது கிடையாது. ரொம்ப அபூர்வம். என் சர்வீஸ்ல இதுக்கு முன்னாடி ஒருத்தரத்தான் பாத்திருக்கேன். ஆனா கண்ணு இப்படி அடி வாங்கினா, அசல் ஆள் ஊருக்குள்ள இருக்கான்னு சந்தேகப்படணும்.” படத்தில், இதயத்துக்குப் பின்னால், நுரையீரல் வேர் விடும் இடத்தில் பேனாவை வைத்தார். “இங்க ஒரு நிழல் இருக்கு. சின்னது. சாதா எக்ஸ்ரேயில இதயம் மறைச்சுடும்.”

“புற்றா?” என்றார் கழுகக்கா.

“அதுலருந்து துளி சதை எடுத்துப் பாத்துட்டுத்தான் உறுதியா சொல்வேன். ஆனா மழுப்ப மாட்டேன், அதா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இருமல் முத்தி, ரத்தம் வந்து, அப்புறம் வந்திருந்தீங்கன்னா இது வேற அளவுல இருந்திருக்கும். கண்ணு முன்னாடியே வந்து புகார் குடுத்திருக்கு.”

“பார்வை திரும்புமா?”

“போனது திரும்பும்னு சொல்ல மாட்டேன். கட்டிக்கு உடனே வைத்தியம் ஆரம்பிச்சா, இருக்கறதக் காப்பாத்தப் பாக்கலாம். வைத்தியம் நீளும். செலவும் ஆகும். காப்பீடு இருக்குல்ல?”

 கழுகக்காவின் கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

ஆணியின் செல்போன் அடித்தது. மேனேஜர். எடுத்துக் காதில் வைத்தவன் முகம் கேட்கக் கேட்க வெளுத்தது. “மேடம்கிட்டயே சொல்லுங்க சார்,” என்று ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தான்.

“...சொல்ல வந்தது இதான் மேடம். நீங்க இனிமே அலைய வேணாம். கழுகே காலையில என் ரூமுக்கு வந்து சொல்லிடுச்சு, நான்தான் வேணும்னே விட்டேன், என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்கன்னு. சூப்பர்வைசர் சாட்சி. நோட்டீஸ் டைப் ஆயிட்டிருக்கு.”

முகம் கழுவப் போன அந்த அதிக நேரம் எங்கே போயிற்று என்று இப்போது தெரிந்தது. வக்கீலம்மா போனின் வாயைக் கையால் மூடினார்.

“என்னக்கா பண்ணி வெச்சிருக்கீங்க?”

“விசாரணை வெப்பாங்கன்னுதான்...”

“லோடிங் ஆளுக்கு வெச்சாங்க. அவர் இல்லன்னு சொன்னாரு, அதனால வெச்சாங்க. நானே பண்ணேன்னு ஒத்துக்கிட்டவங்களுக்கு எதுக்கு விசாரணை? இன்னிக்கே முடிஞ்சுது. பாதிச் சம்பளம் இல்ல, காப்பீடும் இல்ல. நோய்க்காக லீவுல போனா காப்பீட்ட அவங்க நிறுத்த முடியாது. அது உங்க கம்பெனி விதியிலயே இருக்கு, காலையில மேனேஜர் ரூம்ல படிச்சேன். நான் பேசட்டுமா?”

கழுகக்கா தலையை ஆட்டினார். அது சரியா வேண்டாமா என்று ஆணிக்குப் புரியவில்லை. வக்கீலம்மா கையை எடுத்தார்.

“சார், அந்த அம்மா சொன்னது பொய்.”

“தன் மேலயே யாராவது பொய் சொல்லுவாங்களா மேடம்? உங்க பீஸுக்காகக் கேஸ இழுக்காதீங்க.”

 போனில், தூரத்தில் எங்கோ டைப் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கழுகக்கா மேஜை மேல் கையை ஊர்ந்துபோகவிட்டார். போன் கையில் தட்டியதும் அதை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டார்.

“சார்.”

“யாரு? கழுகா?”

“சார், எனக்குக் கண்ணு தெரியல.”

டைப் சத்தம் நின்றது. யாரோ கையைக் காட்டி நிறுத்தியிருக்க வேண்டும்.

“என்னம்மா சொல்ற? நீ கழுகாச்சே.”

“ரெண்டு மாசமா தெரியல. தட்டிப் பாத்துத்தான் ஓட்டினேன். சத்தத்துல குமிழி தெரியாது, அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உக்காந்திருந்தேன். அந்த நர்ஸ் பாக்காம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு தினம் படுத்துக்கிட்டு யோசிக்கறேன். யார்கிட்டயும் நான் வாங்கல சார். ஆனா தப்பு என்னோடதுதான்.” குரல் உடைந்தது, ஒட்டிக்கொண்டது. “இந்த ரெண்டு மாசம் நான் பாத்து விட்டது எங்கெங்க போச்சோ, எல்லாத்தையும் திரும்ப எடுக்கச் சொல்லுங்க. ஒண்ணு விடாம. லைட்ல காட்டிப் பாக்கச் சொல்லுங்க.”

“அத்தனையுமா? என்னம்மா, எவ்வளவு ஆகும் தெரியுமா?”

“குழந்தைங்க சார்.”

மேனேஜர் மூச்சு விடுவது கேட்டது. டாக்டர் பேனா மூடியை மாட்டாமல் கையிலேயே வைத்திருந்தார். கேட்கவே விருப்பமில்லாத ஒருவரின் குரலில் மேனேஜர் கேட்டார்.

“டாக்டர் என்ன சொல்றாரு?”

“நெஞ்சுல ஏதோ இருக்காம். அதனாலதான் கண்ணாம்.”

 மேனேஜர் யாரிடமோ, “அத அடிக்காதப்பா. கிழிச்சுப் போடு. ரெண்டு மாசச் சரக்கு எங்கெங்க போச்சுன்னு பட்டியல் எடு,” என்பது தூரத்தில் கேட்டது. மீண்டும் கிட்டே வந்தார்.

“எந்த ஆஸ்பத்திரி? லீவுக்கும் காப்பீட்டுக்கும் பேர் எழுதணும்.”

கழுகக்கா சுவரில் இருந்த பலகையின் பக்கம் முகத்தைத் திருப்பினார். தலையை இடமும் வலமும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பிறகு போனை ஆணியிடம் நீட்டினார்.

“நீ படிச்சுச் சொல்லுப்பா. எனக்கு நடுவுல இருக்கற எழுத்துதான் தெரியுது.”

ஆணி வாங்கினான். பலகையைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான்.